நடை சாத்திய பிறகும் மதுரை இருக்கிறது

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பகல் 12.30 மணிக்கு நடை சாத்துகிறார்கள். மறுபடியும் திறப்பது மாலை 4 மணிக்கு. அந்த மூன்றரை மணி நேரம் வெளியூர்ப் பக்தர்கள் படும் பாட்டைச் சித்திரை வீதிகளில் நின்று பார்த்தால் தெரியும். கடை நிழலில் துண்டை விரித்து உட்காரும் முதியவர்கள், வெயிலில் அழும் குழந்தைகள், கழிப்பறை தேடி அலையும் பெண்கள். மாலையில் தரிசனம் முடித்து, மதுரையைப் பார்த்துவிட்டோம் என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். குறை அவர்களுடையது அல்ல. வந்தவர்களுக்குத் தன்னைக் காட்ட ஊர் முன்வரவில்லை.

இந்த மூன்றரை மணி நேரத்தைப் பயனுள்ளதாக்கும் பொறுப்பை மாநகராட்சி, அறநிலையத் துறை, சுற்றுலாத் துறை மூன்றும் சேர்ந்து ஏற்க வேண்டும்.

காட்டுவதற்கு என்ன இல்லை? 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால், கோயிலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீட்டில். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டோர் ஆலயப் பிரவேசம் செய்தது இதே மீனாட்சி கோயிலில்தான். இன்று வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அதை யாராவது சொல்கிறார்கள்?

புதிய மதுரையும் காத்திருக்கிறது. சுமார் 12 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி. அங்கே அகழாய்வில் கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது என்று 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்தது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் பகடைக்காய்களையும் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணாரக் காணலாம். அதே ஆண்டு ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறக்கப்பட்டது. கோடிகளைக் கொட்டிக் கட்டிய இவற்றுக்கும் கோயில் வாசலுக்கும் இடையே சரியான தொடர்பு இல்லை. எந்த டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாத வெளியூர்க்காரர், ஆட்டோவில் பேரம் பேசிச் சோர்ந்து, பேசாமல் வீதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

சாமி கும்பிட வந்தவர்களைச் சுற்றுலாப் பயணிகளாக்குவதா என்று சிலர் கேட்கலாம். மதுரையின் மரபே அதற்குப் பதில் சொல்லும். அழகர்கோவிலிலிருந்து புறப்படும் கள்ளழகர், மண்டகப்படிதோறும் தங்கித் தங்கி வைகைக்கு வருகிறார். சித்திரைத் திருவிழா கோயிலோடு நிற்பதில்லை. ஊரும் ஆறும் மலையும் சேர்ந்துதான் தலமாகின்றன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளுக்கே திருவிழா மாதங்களின் பேரை வைத்த ஊர் இது. ஊரைச் சுற்றிப் பார்ப்பது பக்திக்கு எதிரானது என்று இங்கே யாரும் சொன்னதில்லை.

ஏற்கெனவே நெரிசல், இன்னும் ஆட்களை இழுப்பதா என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் எல்லோரையும் கோயிலைச் சுற்றியே தேக்கி வைப்பதுதான் ஆபத்து. 2018 பிப்ரவரி 2 இரவு வீர வசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்த தீ, கோயிலுக்குள் இருந்த கடைகளில் பற்றியது. கூட்டமும் வியாபாரமும் பரவலானால் கல்மண்டபங்களுக்கும் பாதுகாப்பு. புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்தை மீட்டது சரியான முடிவு. ஆனால் சத்திரத்துக்குப் போகும் வழியை வெளியூர்க்காரருக்குக் காட்டாவிட்டால் தையல்காரருக்கும் புத்தகக் கடைக்காரருக்கும் பிழைப்பு ஏது?

செய்ய வேண்டியவை எளியவை. நடை சாத்தும் நேரத்தில் வெளி வீதியிலிருந்து மகால், காந்தி அருங்காட்சியகம், நூலகம், கீழடி ஆகியவற்றுக்கு ஒரே டிக்கெட்டில் சுற்றுப் பேருந்து விட வேண்டும். மதிய இடைவேளைக்குப் பூட்டும் இடங்களில் ஊழியர்களுக்கு முறைவைத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் நிர்ணயித்த கட்டணமும் வேண்டும். தமிழோடு தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலத்திலும் பலகைகள் வேண்டும். எங்கும் போக இயலாத முதியவர்களுக்குக் கோயில் அருகிலேயே நிழலும் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும்.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. மூன்று துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு முன் முதல் சுற்றுப் பேருந்து புறப்படட்டும்.