தீவு விமான நிலையத்தில் சிறு கடைக்கு இடம் வேண்டும்

அந்தமானுக்குச் சரக்கு அனுப்பும் நம் வணிகர்களுக்குப் போர்ட் பிளேர் புதிய ஊர் அல்ல. 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. அங்கு விமான நிலையப் புதிய முனையத்தைப் பிரதமர் 18-7-2023 அன்று திறந்து வைத்தார். சிப்பி வடிவம், சுமார் 710 கோடி ரூபாய் செலவு, ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளுக்கு வசதி.

வெப்பத்தைத் தடுக்கும் இரட்டைக் கூரை, பகல் வெளிச்சம் உள்ளே விழும் கண்ணாடித் திறப்புகள், மழைநீர்ச் சேமிப்பு எல்லாம் உண்டு. இவற்றை ஆடம்பரம் என்று நாம் சொல்ல மாட்டோம். தீவின் மின்சாரம் பெரும்பகுதி டீசலில் உற்பத்தியாகிறது. அந்த டீசலும் நம் பருப்பு, அரிசியைப் போலக் கப்பலில்தான் போய்ச் சேர வேண்டும். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் லாபமே.

ஆனால் பயணிக்கு வசதி என்பது கூரையோடு முடிந்துவிடுமா? மழையில் விமானம் தாமதமானால் குடும்பத்தோடு காத்திருப்பவர் கேட்பது நியாய விலையில் தேநீரும் தண்ணீரும்தான். கடைப் பரப்பு முழுவதையும் ஒரே பெரிய ஒப்பந்தக்காரரிடம் விடுவது பெரிய விமான நிலையங்களில் பரவியுள்ள வழக்கம். அவர் உள்வாடகையை ஏற்றுவார். கடைக்காரர் அதைத் தேநீரின் தலையில் வைப்பார். சிறிய தீவுக்கு இம்முறை ஆகாது. ஒரு பகுதியையாவது சிறு சிறு கடைகளாகப் பிரித்து, குறைந்த முன்பணத்தில் உள்ளூர் வணிகர்களுக்கு ஒதுக்க அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும். வாடகையை முன்கூட்டியே அறிவித்தால் விண்ணப்பிக்க நம்மவர்களே அங்கு பலர் உண்டு.