இளையராஜா எந்தக் காலேஜுக்குப் போனார் என்று கேட்பவர்களுக்கு

பள்ளி ஆண்டு விழாக்களுக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம். மாணவர்களின் இசைக்குழு இரண்டு பாட்டு வாசித்து முடித்ததும் மைக்கைப் பிடிப்பார்கள். "இளையராஜா எந்த மியூசிக் காலேஜுக்குப் போனார்? ரஹ்மான் எந்த டிகிரி வாங்கினார்? சங்கீதம் உள்ள இருக்கணும் தம்பி, இருந்தா தானா வெளிய வரும். நீ முதல்ல இன்ஜினியரிங்கை முடி." உடனே கைதட்டல். முன்வரிசை அப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். கிட்டாரைக் கழற்றக்கூட மறந்து மேடை ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தை எவரும் பார்ப்பதில்லை.

கிட்டாரும் மேற்கத்திய இசைக் கோட்பாடும் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்தப் பேச்சை வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன். அண்மையில் ப்ளஸ் டூ படிக்கும் என் மாணவி ஒருத்தியின் அப்பா வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து, "இவளுக்கு நல்லா வருது, இல்லேங்கல சார். ஆனா பாட்டுக்குப் போய் காலேஜா? ராஜா சார் எல்லாம் படிச்சுட்டா வந்தாங்க?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இதை அவர் காதில் ஓதியவர்கள் மேல்தான் கோபம்.

ராஜா சார் படித்துவிட்டுத்தான் வந்தார்.

பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து, ஏறத்தாழ பத்து வருஷம் ஊர் ஊராக மேடையில் வாசித்தவர் அவர். 1968-இல் சென்னைக்கு வந்தபோதே, இன்று ஒரு கல்லூரியில் சேரும் எந்தப் பிள்ளைக்கும் இல்லாத மேடைப் பழக்கம் அவருக்கு இருந்தது. அதுவே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். மயிலாப்பூரில் ஒரு சின்ன அறை, ஒரு பியானோ, கண்டிப்பான ஓர் ஆசான். நோட்டேஷன் எழுதுவதும் படிப்பதும், ஹார்மனி, கவுன்டர்பாயின்ட், பாஹ் என்று முறையாகப் பாடம் நடந்த இடம் அது. லண்டன் டிரினிட்டி காலேஜின் தேர்வை எழுதி கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கினார். கர்நாடக சங்கீதத்துக்கு டி.வி. கோபாலகிருஷ்ணன். தொழில் பழக இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷ், அவருக்கு உதவியாளராக எத்தனையோ கன்னடப் படங்களில் வேலை பார்த்தார். இசையமைப்பாளராக முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். சென்னையில் கால் வைத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தைத்தான் மேடைப் பேச்சாளர்கள் ஒரே வரியில் அழித்துவிட்டு, 'தானா வரும்' என்று எழுதிவிடுகிறார்கள்.

தானாக வந்ததை வைத்துக்கொண்டு ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத முடியாது. அவர் எந்தக் கருவியையும் தொடாமல் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறார். வயலினுக்கு, செல்லோவுக்கு, ஃப்ளூட்டுக்கு என்று அது தனித்தனித் தாளாகப் பிரதியாகிப் போகிறது. வாசிப்பவர்கள் அதைப் பார்த்து வாசிக்கிறார்கள். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோதும் அதுதான் நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த வயலின்காரர்களுக்கு 'அன்னக்கிளி' தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முன்னால் இருந்த தாளை வாசித்தார்கள். அந்தத் தாளை எழுதும் வித்தைக்கு விதை போட்டது மயிலாப்பூர் அறை.

ரஹ்மான் கதையை இவர்கள் சொல்லும் விதம் இன்னும் மோசம். அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். ரஹ்மானுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் காலமானார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. சிறு வயதிலேயே கீபோர்டு வாசிக்க ஸ்டூடியோவுக்குப் போக வேண்டி வந்தது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. குடும்ப பாரம் சுமந்த ஒரு சிறுவன் படிப்பை விட்டதை, 'பார், அவர் படிக்கவே இல்லை' என்று பெருமையாக மேடையில் விற்பதற்கு எப்படி மனம் வருகிறது? அந்த நிலைமையிலும் அவர் பாடத்தை விடவில்லை. அவரும் போனது அதே தன்ராஜ் மாஸ்டரிடம்தான். மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனனிடமும் இளையராஜாவிடமும் தெலுங்கில் ராஜ் - கோட்டியிடமும் வாசித்து வாசித்துக் கற்றார். முதல் படமான 'ரோஜா' வந்த 1992-இல் அவருக்கு வயது 25. அதற்குள் பாதி ஆயுளுக்கு மேல் ரெக்கார்டிங் தியேட்டரில் கழிந்திருந்தது. 'ரத்தத்தில் இருக்கு' என்கிறார்களே, வீட்டில் வாத்தியம் இருந்தது, வாசலில் ஸ்டூடியோ வண்டி நின்றது. ரத்தத்தை ஏன் இழுக்கிறார்கள்?

இன்னொன்று. கல்லூரி வேண்டாம் என்பதற்கு யார் பெயரைச் சொல்கிறார்களோ, அந்த ரஹ்மான் 2008-இல் சென்னையிலேயே ஓர் இசைக் கல்லூரி தொடங்கினார். கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி என்று பெயர். இளையராஜாவும் 2024-இல் சென்னை ஐஐடியோடு கைகோத்து, இசை கற்கவும் ஆராயவும் தன் பெயரில் ஒரு மையம் அமைக்க ஒப்பந்தம் போட்டார். தங்களுக்குக் கிடைக்காத ஒன்று அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் படத்தைக் காட்டி நாம் பிள்ளைகளைத் தடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் கோடம்பாக்கமே ஒரு கல்லூரியாக இருந்தது. பெயர்ப்பலகைதான் கிடையாது. ஏவிஎம்மிலோ பிரசாத்திலோ ஒரு கால்ஷீட்டுக்கு ஒரு பாட்டு என்று நாற்பது ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் ஒரு நோட் தப்பினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. புதிதாக வந்த பையன் பின்வரிசையில் உட்கார்ந்து, அரேஞ்சர் என்ன மாற்றுகிறார், பேஸ் கிட்டார்காரர் டிரம்மரை எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்தே தொழிலைக் கற்றான். யாரும் ஃபீஸ் வாங்கவில்லை. மாறாகப் பேட்டா கொடுத்தார்கள். இன்று அந்தக் கூடம் இல்லை. ஒரு அறை, ஒரு லேப்டாப், வயலினுக்கு சாம்பிள். நிஜ வயலின் வேண்டுமென்றால் ஃபைல் புடாபெஸ்டுக்கோ மாசிடோனியாவுக்கோ போகிறது. கருவி வாசிப்பவர் தனியாக வந்து தன் டிராக்கை வாசித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போகிறார். பதினேழு வயதுப் பெண் எந்தக் கூடத்தின் பின்வரிசையில் போய் உட்காருவாள்? அந்தப் பின்வரிசையைத்தான் இன்றைக்கு ஒரு நல்ல காலேஜ் கொடுக்கிறது. இதைச் சொல்லாமல் இளையராஜா பெயரை இழுப்பவர்கள், ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு ஏறச் சொல்கிறார்கள்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்பது அடுத்த வாதம். ஸ்கேல், கார்டு, ஸ்டூடியோ நுணுக்கம் எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் சொன்ன மாணவியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். ஹெட்போனில் கிளிக்கைப் போட்டுக்கொண்டு வாசித்தால் ஒரு பிசிறு இருக்காது. முதல் தடவையாக ஒரு டிரம்மரோடு உட்காரவைத்தேன். மூன்று பார் ஒழுங்காகப் போனது. நாலாவது பாரில் அந்தப் பையன் ஸ்நேரில் ஒரு ஃபில் வாசித்ததும் இவள் கண் தன் விரலுக்குப் போய்விட்டது. ஒரு பீட் முன்னாலேயே வந்து விழுந்தாள். 'ஒன்னு எங்க சார்?' என்று என்னைப் பார்த்தாள். 'அவனைப் பார், அவன் வலது காலைப் பார்' என்றேன். அரைமணி நேரம் அவன் கிக் பெடல் மிதிப்பதைப் பார்த்தபடியே வாசித்தாள். அதற்குப் பிறகுதான் அது இசையாகக் கேட்டது. வீடியோவில் இருக்கும் டிரம்மர் இவளுக்காகக் காத்திருக்க மாட்டார், இவள் தப்பினால் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

கிட்டாரிஸ்ட் ஜான் மேயர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியைப் பாதியில் விட்டவர்தானே என்று இங்கிலீஷ் பாட்டு கேட்கும் அண்ணன்மார்கள் கேட்பார்கள். விட்டார்தான். விட்டுப் போகும்போது கூடப் போனவர் கிளே குக்; பெர்க்லியில் கிடைத்த கூட்டாளி. இருவரும் அட்லாண்டாவுக்குப் போய் ஒரே குழுவாக வாசித்தார்கள். இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸும் அதே கல்லூரியை விட்டுவிட்டு லயனல் ஹாம்ப்டன் குழுவோடு போனவர். பின்னர் 1957-இல், பெயரெடுத்த பிறகு, பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

சோறு போடுமா என்ற கேள்விக்கு ஒரு வரி போதும்: 500-ஐத் தாண்டிய இன்ஜினியரிங் கல்லூரிகளைத் திறந்து, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் இடம் காலியாகக் கிடந்த மாநிலத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை இசையிடம் மட்டும் கேட்காதீர்கள். 'முதலில் இன்ஜினியரிங்' என்பவர்களுக்குக் கிட்டாரிஸ்ட் பிரசன்னாவைச் சொல்வேன். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். ஐஐடி முடித்த பிறகும் அவர் பெர்க்லிக்குப் போய்ப் படித்தார்.

கல்லூரியே வேண்டாம் என்கிற இந்தக் கூட்டத்துக்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'போனா பெர்க்லி, இல்லேன்னா வேணாம்' என்பவர்கள். பெர்க்லி பெரிய இடம்தான். 1945-இல் பாஸ்டனில் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற பெயரில் தொடங்கி, ஜாஸையும் அன்றைய ஜனரஞ்சக இசையையும் பாடமாக்கியது. ரஹ்மானுக்கு 2014-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனால் படிப்புக்கும் தங்குவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல் ஆகும். கடன் வாங்கிப் போன பிள்ளை, முடித்ததும் கடன் அடைக்க எது கிடைக்கிறதோ அதை வாசிக்கும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். கிடைக்காவிட்டாலும் அந்த ஆடிஷனுக்குத் தயாராகும் பாடம் எங்கேயும் வீணாகாது: ஒரு பாட்டைச் சுத்தமாக வாசிப்பது, அவர்கள் வாசித்ததைக் கேட்டுத் திருப்பி வாசிப்பது, முன்பின் பார்க்காத தாளைப் படிப்பது, கொடுத்த கார்டுகளுக்கு மேல் அந்த நேரத்தில் கற்பனை செய்வது.

என் மாணவியின் அப்பாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கட்டடத்தையும் இணையதளத்தில் போட்டிருக்கும் பிரபலங்களின் படத்தையும் பார்க்காதீர்கள். அந்தப் பிரபலம் வருஷத்துக்கு ஒரு நாள் வந்து போவார். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிறார்கள், இவளோடு வாசிக்கப்போகும் டிரம்மர் யார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரிகர்சல் அறை திறந்திருக்குமா என்று கேளுங்கள். கொடுப்பது பட்டமா டிப்ளமோவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேல்படிப்புக்குப் போகும்போது அது தேவைப்படும். மூன்று வருஷம் முன்னால் முடித்தவர்கள் இரண்டு பேருடைய நம்பரை வாங்கிப் பேசுங்கள். போகும்போது இவளையும் பேஸ் கிட்டாரையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு வகுப்பில் உட்கார்ந்து வாசிக்க விடச் சொல்லுங்கள். விடமாட்டோம் என்றால் அட்மிஷன் ஃபாரத்தை வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.