பாலம் வாங்கலையோ, பாலம்!

இங்கிலீஷ் படங்களில் அடிக்கடி ஒரு டயலாக் வரும். ஒருத்தன் நம்ப முடியாத எதையோ நம்பிவிட்டு வந்து சந்தோஷமாகச் சொல்வான். கேட்டுக்கொண்டிருப்பவன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், 'ஐ ஹேவ் எ பிரிட்ஜ் டு ஸெல் யூ' என்பான். 'உனக்கு விற்க என்னிடம் ஒரு பாலம் இருக்கிறது.' நமக்கு ஒன்றும் புரியாது. நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் பாலம் எங்கிருந்து வந்தது?

ஆபீஸ் பாஷைக்கு மாற்றினால் இப்படி இருக்கும்:

"அண்ணே, இன்க்ரிமென்ட் அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடும்னு ஜி.எம். சொன்னாரு!"

"யாரு, அவரா? தம்பி, எங்கிட்ட ஒரு பாலம் இருக்கு. சல்லிசா தரேன், எடுத்துக்கிறியா?"

அதாவது, இதையே நம்பிவிட்டாய் என்றால் உன்னிடம் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம், நானும் ஒரு கை பார்க்கட்டுமா என்று அர்த்தம்.

ஏமாற்றுவதைச் சொல்ல நம்மிடமும் சரக்குக்குப் பஞ்சமில்லை. காதில் பூ சுற்றுகிறோம், கண்ணில் மண்ணைத் தூவுகிறோம், நெற்றியில் நாமம் போடுகிறோம், தலையில் மிளகாய் அரைக்கிறோம், போதாக்குறைக்கு மொட்டையும் அடிக்கிறோம். (மொட்டை முதலிலா, மிளகாய் முதலிலா என்பது அவரவர் வசதி.) வாய்க்கு அல்வா. ஆக, ஏமாந்தவனின் கழுத்துக்கு மேலே நாம் விட்டுவைத்த இடமே கிடையாது. ஆனால் நிஜமாக யார் காதிலும் யாரும் பூ சுற்றியதில்லை. அமெரிக்காக்காரர்கள் சொல்லும் பாலம் அப்படியில்லை. அதை நிஜமாகவே விற்றிருக்கிறார்கள்!

நியூயார்க்கின் புரூக்ளின் பாலம்தான் அது. 1870-ல் வேலையை ஆரம்பித்து, இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைக் காவு கொடுத்து, 1883 மே 24-ம் தேதி திறந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம். கப்பலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரன் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தால், பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக ஒருவர் வந்து நிற்பார். "என்ன சார், பாலம் பிடிச்சிருக்கா? நம்மளுதுதான்" என்று பேச்சை ஆரம்பிப்பார்.

இந்த வியாபாரத்தில் பெரிய கை, ஜார்ஜ் பார்க்கர். போலிப் பத்திரமெல்லாம் பக்காவாக வைத்திருப்பார். சுதந்திர தேவி சிலை, மியூசியம் என்று இன்னும் பல 'சொத்து'க்களையும் விற்றிருக்கிறார். ஒரு தடவை பிடிபட்டபோது, ஷெரீஃப் ஒருவர் கழற்றி வைத்திருந்த கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு கோர்ட்டிலிருந்து நிதானமாக நடந்தே வெளியே போய்விட்டாராம். பாலத்தை வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் வருஷக்கணக்கில் விற்றார் என்றுகூடச் சொல்கிறார்கள். அதை நீங்கள் நம்பினால், என்னிடம் ஒரு... சரி, வேண்டாம்.

'பாலத்தைப் போய் வாங்குவானா ஒருத்தன்? எவ்வளவு பெரிய கேனையனாக இருக்கணும்!' என்றுதானே தோன்றுகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு சின்ன விவரம் கண்ணில் படும்வரை.

அந்தப் பாலத்தில் அப்போது சுங்கம் வசூலித்தார்கள். நடந்து போனால் 1 சென்ட், குதிரையில் போனால் 5, குதிரை வண்டிக்கு 10. நடப்பவர்களுக்கு 1891-லும் வண்டிகளுக்கு 1911-லும்தான் ரத்து செய்தார்கள். தவிர, தனியார் கம்பெனிகள் சொந்தமாக ரோடு போட்டு, பாலம் கட்டிக் காசு வசூலிப்பது அந்த நாள் அமெரிக்காவில் சர்வசாதாரணம். வாங்க வந்தவன் நிலைமையில் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் காசைப் போட்டுவிட்டு நடக்கிறார்கள், கண்ணெதிரே தெரிகிறது. "வயசாயிடுச்சு, கணக்கு வழக்குப் பார்க்க முடியலே, அதான் வித்துடலாம்னு" என்கிறார் பெரியவர். கையில் ஸீல் போட்ட பத்திரம். சொன்னதில் முக்கால்வாசி நிஜம், 'நம்மளுது' என்ற ஒரு வார்த்தைதான் பொய்! வாங்கியவர்கள் மறுநாள் சுங்கம் வசூலிக்கத் தடுப்புக் கட்டை போட ஆரம்பிக்க, போலீஸ் வந்து அதைப் பிடுங்க வேண்டியிருந்ததாகச் சொல்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது காமெடி. அவனுக்கோ, ஊரில் இருந்ததை விற்றுக் கொண்டுவந்த மொத்தச் சேமிப்பு.

பார்க்கருக்கு 1928-ல் ஆயுள் தண்டனை. ஸிங் ஸிங் ஜெயிலில் 1936-ல் இறந்தார். உள்ளேயும் வார்டர்கள் உட்பட எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்களாம். விற்றவனுக்கு ரசிகர் மன்றம், வாங்கியவனுக்கு ஒரு கேலிப் பழமொழி! இந்த இங்கிலீஷ் டயலாக்கில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். அது முழுக்க முழுக்க ஏமாந்தவனைப் பார்த்தே சிரிக்கிறது.

இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இன்றைக்கும் பல பேர் வாயைத் திறப்பதில்லை. போனில் 'சி.பி.ஐ. பேசறோம், டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்திலேயே கிடையாது. பணம் போன உடனே 1930-க்கு போன் போட்டால், அது அக்கவுண்ட் அக்கவுண்டாகத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதல் சில மணி நேரம் எதில் போகிறது? 'எம்.காம். படிச்சுட்டு இப்படி ஏமாந்தேன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா?' என்ற யோசனையில்!

இந்த வெட்கத்தையே முதலாகப் போட்டுத் தொழில் பண்ணினவர் விக்டர் லஸ்டிக். 1925-ல் பாரிஸில் ஈஃபில் டவரை விற்றவர். அதிலும் முக்கால்வாசி நிஜம்தான். 1889-ல் கட்டியபோது டவருக்கு இருபது வருஷம்தான் ஆயுள் என்று பேச்சு. பராமரிப்புச் செலவும் அதிகம். இவர் அரசாங்க அதிகாரியாக வேஷம் கட்டி, பழைய இரும்பு வியாபாரிகளைப் பெரிய ஓட்டலுக்கு வரவழைத்து, 'டவரைப் பிரிக்கப் போகிறோம், ரகசியம், டெண்டர் கொடுங்கள்' என்றார். ஒரு வியாபாரி மாட்டினார். ஆனாலும் அவருக்கு லேசாகச் சந்தேகம். லஸ்டிக் குரலைத் தணித்து, கவர்ன்மென்ட் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று தலையைச் சொறிந்தார். லஞ்சமா கேட்கிறான்? அப்படியானால் ஒரிஜினல் அதிகாரியேதான்! சந்தேகம் போச்சு. பணமும் போச்சு.

லஸ்டிக் வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு தினமும் பேப்பரைப் புரட்டினார். ஒரு வரி செய்தி இல்லை. அந்த வியாபாரி மானத்துக்குப் பயந்து புகாரே கொடுக்கவில்லை. பிறகென்ன, பாரிஸுக்குத் திரும்பி வந்து, வேறு வியாபாரிகளைக் கூப்பிட்டு, அதே டவரை மறுபடியும் ஏலத்துக்கு விட்டார்.

இந்தத் தடவை மாட்டியவர் நேராகப் போலீஸுக்குப் போனார். லஸ்டிக் பிரான்ஸை விட்டே ஓட வேண்டியதாயிற்று.