முன்பனியும் பனங்கிழங்கும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. பனிக்காலம் ஒன்றனையே முன் என்றும் பின் என்றும் இரண்டாக்கிய அவர்தம் நுட்பம் எண்ணி எண்ணி வியத்தற்குரியது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. சோழநாட்டுக் கடற்கரையில் வாழ்வோர்க்கு இவ்விரு பருவங்களின் வேறுபாட்டை நூல்கள் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கூதிர், புயலும் வெள்ளமும் வரும் காலம். முன்பனி, அவை கொண்டுபோனவை போக எஞ்சியவற்றை எண்ணிப் பார்க்கும் காலம். அத்தகைய முன்பனிக்காலம் ஒன்று நமக்குக் கற்பித்த பாடத்தை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கவிருந்த வேளையில், 'கஜா' என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் வீசிய காற்று நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஓரிரவில் உருக்குலைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூரைகள் பறந்தன, படகுகள் உடைந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு சிதைந்தது. கோடியக்கரைச் சரணாலயத்தில் மான்களும் பறவைகளும் மடிந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தமையால் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

எல்லாவற்றினும் நெஞ்சை உலுக்கியது தென்னைகளின் வீழ்ச்சியே. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் இலட்சக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தும் நடுவே முறிந்தும் கிடந்தன. தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று வழங்குவது நம் மரபு. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வந்தபின் இரண்டு தலைமுறைக்குச் சோறு போடும். தாத்தா நட்ட பிள்ளையைப் பேரன் அறுத்து அப்புறப்படுத்திய துயரத்தை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

அந்த வாரத்திலேயே மீலாது நாளும் கார்த்திகைத் தீபமும் வந்தன. கொண்டாடும் நிலையில் எவரும் இல்லை. பள்ளிவாசல் முற்றங்களிலும் கோயில் வாயில்களிலும் பொது அடுப்புகள் எரிந்தன; எவர் சமைத்தார், எவர் உண்டார் என்று எவரும் கேட்கவில்லை.

தைத் திங்களில், பொங்கல் விடுமுறை கழித்துத் திரும்பிய எம் மாணவர் ஒருவர் துறைக்கு ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொணர்ந்தார். கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சார்ந்தவர். தென்னந்தோப்பு முழுவதையும் இழந்த குடும்பம். வீட்டின் கூரையாக அப்போதும் தார்ப்பாய்தான் இருந்தது. கிழங்கினை மேசைமீது வைத்துவிட்டுத் தயங்கி நின்ற அவர் சொன்னார்: "கிழங்கு பிடுங்கும்போது எங்கள் அத்தா ஏதோ சொல்ல, எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம் ஐயா. சிரித்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வீட்டில் ஒரு மவுத்து நடந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை."

அவருக்கு அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையே காலந்தாழ்ந்த அவ்விடை எனக் கொள்ளலாம்.

துயருற்ற வீட்டில் சிரிப்பொலி கேட்டால் முகம் சுளிக்கும் பழக்கம் நம் சமுதாயத்தில் உண்டு. அது தீய எண்ணத்தில் பிறந்ததன்று. மாண்டார்க்குச் செய்யும் மரியாதை என்னும் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆயினும் அவ்வெண்ணம் அளவு மீறும்போது, உயிரோடிருப்பவர்மீது ஒரு சுமையாய்க் கவிகின்றது. சிரிப்பவர் மறந்துவிட்டார் என்று நாம் கருதுகின்றோம். சிரித்தவரோ, தம்மையே குற்றவாளியாக எண்ணி நாணுகின்றார். இக்கருத்து மறுஆய்வுக்குரியது என்பதே எம் துணிபு.

நம் இலக்கியம் இத்தகைய கடுமையைக் காட்டவில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை, பிரிவுத் துயரைப் பாடும் பாட்டு. ஆயின் அது எவ்வாறு தொடங்குகின்றது? பெருமழை பொழிந்து வெள்ளம் சூழ, வாழ்ந்த நிலத்தை விட்டு மேட்டுநிலத்திற்குப் பெயர்ந்த ஆயர்கள், அப்பிரிவால் கலங்கியவாறே கூடி நெருப்பில் கைகாய்வதை முதலில் காட்டுகின்றார் புலவர். இடம் பெயர்ந்த துயரும் அங்குண்டு. தீயின் இதமும் அங்குண்டு. ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை. அரசியின் பெருந்துயருக்கு முன்னே, குளிர்காயும் எளியோரின் சிறு இதத்திற்கும் பாட்டில் இடம் தந்தார். இது புலவரின் பெருந்தன்மை மட்டுமன்று. வாழ்க்கையை உள்ளவாறே கண்ட தெளிவும் ஆகும்.

அந்த மார்கழியையும் தையையும் இன்று நினைவுகூர்கின்றோம். விடியலில் தார்ப்பாய்க் கூரையில் பனி முத்து முத்தாய் நின்றது. முறிந்த மரங்களுக்கு நடுவே பெண்டிர் சாணமிட்டுக் கோலமிட்டுப் பரங்கிப்பூ செருகினர். வைகறைத் தொழுகை முடித்து வந்த பெரியவர்கள் தேநீர்க்கடை வாயிலில் சுக்குக் காப்பிக் குவளையைக் கைகளுக்கிடையே வைத்துக் குளிர்காய்ந்தனர். மின்விளக்கு மீண்ட மாலையில் தெருப் பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் திருவிழாவை ஒத்திருந்தது. நெடுமரங்கள் முறிந்த அதே காற்றில், பல வயல்களில் இளஞ்சம்பாப் பயிர் வளைந்து கிடந்து பின் நிமிர்ந்தது. தையில் கதிர் முற்றியது.

இவற்றுள் பனங்கிழங்கு தனித்துச் சிந்திக்கத்தக்கது. பனம்பழத்தின் கொட்டைகளை ஆவணி, புரட்டாசியில் மணற்பாத்தியில் அடுக்கிப் புதைப்பர். கொட்டையினின்று முளை கீழ்நோக்கி இறங்கி மண்ணுள் கிழங்காகத் திரளும். நான்கைந்து மாதங்களில் தோண்டி எடுப்பர். ஆகவே அந்தத் தையில் பிடுங்கிய கிழங்கு, புயலுக்கு முன்பே ஊன்றப்பட்டது. தரைக்குமேல் அனைத்தும் சாய்ந்துகொண்டிருந்த இரவிலும் அது தரைக்குக்கீழ் வளர்ந்துகொண்டிருந்தது. தென்னைகள் வீழ்ந்த இடங்களில் பனைகள் பெரும்பாலும் நின்றதையும் ஊரார் கண்டனர். கிழங்கு பிடுங்கும்போது அக்குடும்பத்தார்க்குச் சிரிப்பு வந்ததில் வியப்பென்ன? இன்னும் எல்லாமும் போய்விடவில்லை என்பதை அவர்தம் கைகள் அறிந்துகொண்டன. அச்சிரிப்பு மாண்டாரை மறந்த சிரிப்பன்று. இழப்பைச் சுமக்கும் வலிமையை மீட்டுக்கொண்ட சிரிப்பு.

ஈண்டு ஒரு தடையை எழுப்பலாம். "சிறு மகிழ்ச்சிகளைப் போற்றுவது ஏழையைக் கிழங்கோடு அமைதியுறச் செய்யும் சூழ்ச்சி ஆகாதா?" என்பது அத்தடை. மிக நேரிய கேள்வி. கூரை இழந்தவருக்குக் கூரையும், தோப்பு இழந்தவருக்கு இழப்பீடும், படகு இழந்தவருக்குப் படகும் கிடைத்தே ஆகவேண்டும். பனித்துளியின் அழகைக் காட்டி அக்கடமையினின்று எவரும் தப்பிக்கலாகாது. சிறு மகிழ்ச்சி உரிமைக்கு மாற்றாகாது. ஆனால், உரிமையைக் கேட்டு அலுவலகப் படிகளில் நாள்தோறும் ஏறியிறங்க மனத்திட்பம் வேண்டும். காலையில் பருகிய ஒரு குவளைச் சுக்குக் காப்பியும், அதனைப் பருகும்போது அருகிருந்தவர் சொன்ன ஒரு நகைமொழியும் அத்திட்பத்தைத் தருமாயின், அவற்றை இழிவென்று ஒதுக்குதல் அறிவுடைமையாகாது.

ஆகவே சமுதாயப் பெரியோர்க்கு எம் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு: துயர் நேர்ந்த இல்லத்திற்குச் செல்லும்போது ஆறுதல் மொழியோடு திரும்பிவிடாதீர்கள், அவ்வீட்டுப் பிள்ளைகள் விளையாடவும் நகைக்கவும் உங்கள் முகக்குறிப்பால் இசைவு தாருங்கள். ஆசிரியப் பெருமக்களே! விடுமுறை முடிந்து வரும் மாணவர் இழந்தவற்றைக் கேட்டறியும் நாம், எஞ்சியவற்றையும் கேட்டறிவோமாக. மாணவச் செல்வங்களே! துயரின் நடுவே வரும் சிரிப்பிற்காக நாணாதீர்கள். அதனைத் தனியே ஒளித்து வைக்காமல், அடுத்த வீட்டாருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

2019இல் ஊன்றிய நெட்டைத் தென்னம்பிள்ளைகள் காய்க்கும் பருவத்தை இன்று எட்டிவிட்டன. அதுவரை அம்மக்களைத் தாங்கியவை பெரிய ஆறுதல்கள் மட்டுமல்ல. அன்று அம்மாணவர் வைத்துச் சென்ற கட்டினை மாலையில் வேகவைத்துத் துறையினர் அனைவரும் உண்டோம். நார் உரித்து, உப்பும் மிளகும் தொட்டு, கதைபேசி உண்டோம். அன்று அவரையும் அழைத்து அருகில் அமர்த்தியிருக்க வேண்டும். அதுவே அவருக்கு உரிய விடையாக இருந்திருக்கும்.