விண்ணின் கணக்கேடு யார் கையில்?

வானில் விளக்கை ஏற்றியவன் பெரியவனா, அவ்விளக்கு எந்நொடியில் எங்கே நிற்கின்றது என்று கணக்கெழுதி வைத்திருப்பவன் பெரியவனா என்று வினவினால், ஏற்றியவனே பெரியவன் என்பார் பலர். வழிகாட்டுங் கோள்களைப் பொறுத்தவரை அவ்விடை பிழையானது. ஏவுகலத்தின் முழக்கத்தைக் கண்டு வியப்போர், அதன்பின் நாள்தோறும் ஓசையின்றி நடைபெறும் கணக்குப் பணியை எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கணக்கு இல்லையேல், கோடி கோடியாகப் பொருள் கொட்டி ஏவிய கோளும் வானில் மிதக்கும் வெற்று மாழைத் துண்டமே.

இத்துறையின் பிறப்பே இதற்குச் சான்று. 1957 அக்தோபர் 4 ஆம் நாள் சோவியத்து ஒன்றியம் இசுப்புட்னிக்கை ஏவிற்று. அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்த கையர், வீபன்பாக்கு என்னும் இளைஞர் இருவர் அதன் வானொலிக் குறிப்பைக் கேட்டனர். தொடர்வண்டியின் ஊதல் நெருங்கும்போது கூர்த்தும் விலகும்போது தணிந்தும் கேட்பது போன்றே, அக்குறிப்பின் அலையெண்ணும் மாறிற்று. அம்மாற்றம் ஒன்றையே கொண்டு, இருந்த இடத்தை விட்டு நகராமல், கோளின் பாதையைக் கணித்துக் காட்டினர். மறு ஆண்டு, அதே ஆய்வகத்தைச் சேர்ந்த பிராங்கு மெக்ளூர் அக்கணக்கைத் தலைகீழாக்கினார். கேட்பவன் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரியுமாயின், கோளின் பாதை தெரிந்தால் கேட்பவன் இடமும் தெரியுமன்றோ? அவ்வொரு வினாவிலிருந்து பிறந்ததே 'திரான்சிட்டு' என்னும் முதல் வழிகாட்டுங் கோள் அமைப்பு. பின்தொடர்ந்து கணக்கிடுதல் தாய். வழிகாட்டுதல் அதன் சேய்.

இற்றை நிலையும் அதுவே. சி.பி.எசு. எனப்படும் அமெரிக்க அமைப்பின் கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளுக்கு இருமுறை உலகைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் இடையறாது அறிவிக்கின்றது. ஆனால், அவ்வறிவு கோளின் சொந்த அறிவன்று. மண்ணிலுள்ள நோக்குநிலையங்கள் அளந்து, நடுநிலையம் கணக்கிட்டு, மேலே அனுப்பியதையே கோள் திருப்பிச் சொல்கின்றது. நேரக் கணக்கு ஒரு நொடியின் பத்திலக்கத்தில் ஒரு பங்கு தவறினும் தொலைவு 300 மீட்டர் தவறும்.

2014 ஏப்பிரலில் உருசியாவின் கிளோனாசுக் கோள்களுக்குப் பிழையான பாதைக் கணக்கு ஏற்றப்பட்டது. பல மணி நேரம் அவ்வமைப்பு பயனற்றுப் போயிற்று. 2019 சூலையில் ஐரோப்பாவின் கலிலியோ ஏறத்தாழ ஒரு கிழமை முடங்கிற்று. பழுது, நேரத்தையும் பாதையையும் கணிக்கும் தரை அமைப்பில். இருமுறையும் வானிலிருந்த கோள்களுக்கு ஊறொன்றும் இல்லை. ஏடு கெட்டது, விளக்கு அவிந்தது.

அவ்வேடு யார் கையில் உள்ளது? வானிலுள்ள கோள்களுக்கெல்லாம் வரிசையெண் இட்டு, உலகோர் பெரிதும் எடுத்தாளும் பட்டியல் அமெரிக்கப் படைத்துறை எழுதிவரும் பட்டியலே. அதன் முதலெண் இசுப்புட்னிக்கைச் சுமந்து சென்ற ஏவுகலத்திற்கு. இரண்டாம் எண் இசுப்புட்னிக்கிற்கு. எழுதுகோல் படைத்துறையின் கையில் இருப்பதால், தன் கமுக்கக் கோள்கள் பலவற்றின் பாதையை அது வெளியிடுவதில்லை. சி.பி.எசு. நோக்குநிலையங்களுள் ஒன்று இந்தியப் பெருங்கடலின் தியகோ கார்சியாத் தீவில் உள்ளது. அமெரிக்கப் படைத்தளத்திற்காக அத்தீவின் மக்கள் 1968 முதல் 1973 வரை தம் மண்ணினின்று அகற்றப்பட்டனர். உலகிற்கு வழிகாட்டும் நிலையம் நிற்கும் தீவின் மக்களுக்கு வீடு திரும்பும் வழி திறக்கவில்லை.

ஆயின், ஏடெழுதும் திறம் பேரரசுகளுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கெட்டரிங்கு ஊர்ப் பள்ளியொன்றின் இயற்பியல் ஆசிரியர் செப்ரி பெரி, மாணவரோடு கூடி, எளிய வானொலிக் கருவிகளைக் கொண்டு சோவியத்துக் கோள்களின் குறிப்புகளைக் கேட்டு நேரங்குறித்து வந்தார். அப்பாதைகளைப் பின்னோக்கிக் கணித்து, பிளெசெத்சுக்கில் சோவியத்து அரசு மறைத்து வைத்திருந்த ஏவுதளத்தை 1966 இல் அவர்கள் கண்டறிந்தனர். 'காசுமாசு' என்னும் பொதுப்பெயரால் மூடப்பட்ட கோள்களுக்கிடையே வழிகாட்டும் அமைப்பொன்று இருப்பதை, பெரி அவர்களும் அவர்தம் தோழர் வுட்டும் 1976 இல் கட்டுரையாக வெளியிட்டனர். 'காசுமாசு 1000' கப்பல்களுக்கு வழிகாட்டுங் கோள் என்று சோவியத்து அரசு அறிவித்ததோ 1978 இல். அரசு வாய் திறக்குமுன் பள்ளிக்கூடம் எழுதி முடித்துவிட்டது.

'விலையின்றிக் கிடைக்கின்றது, கருவியும் வேலை செய்கின்றது, கணக்கு யாரதாயின் என்ன?' என்பாரும் உளர். விலையின்றித் தருபவன், தரும் அளவையும் தானே முடிவு செய்வான் என்பதை அவர்கள் மறந்தனர். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குரிய சி.பி.எசு. குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. பாக்கு நீரிணையில், கருவி காட்டும் எல்லைக்கோட்டை நம்பிப் படகு செலுத்தும் தமிழ் மீனவனுக்கு நூறு மீட்டர்ப் பிழை வெறும் எண்ணன்று; அது சிறையாகலாம், படகிழப்பாகலாம்.

நல்வழி இல்லாமல் இல்லை. பல நாட்டு ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று, 1994 முதல், உலகெங்குமுள்ள நிலையங்களில் அளந்து, வழிகாட்டுங் கோள்களின் நுண்பாதைகளை எவர்க்கும் விலையின்றி வெளியிட்டு வருகின்றது. ஆட்சியாளர் கணக்கைச் சரிபார்க்கும் பொதுக் கணக்கு அது. 2013 முதல் தன் வழிகாட்டுங் கோள்களை ஏவிவரும் இந்திய அரசும் அவற்றின் பாதைக் கணக்கையும் பழுதுக் கணக்கையும் ஒளிவின்றி வெளியிடுதல் வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் அலைவாங்கி நட்டு, தாமே அளந்து, அக்கணக்கோடு ஒப்பிடுதல் வேண்டும். கெட்டரிங்குப் பள்ளி தொடங்கிய காலத்தினும் இன்று கருவி எளிது. கணிப்பொறியும் கைக்கெட்டும் பொருளாயிற்று. குறைவது கருவியன்று; கேட்டறியும் முனைப்பே.

பிறன் எழுதிய ஏட்டை மட்டும் நம்புவோன் வழிநடத்தப்படுவான். தானும் எண்ணிப் பார்ப்போனே வழியறிவான்.