பதினெட்டாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு மயானம்



சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள ஹில்டன் ஹெட் தீவில் ஒரு பெரிய கோல்ப் போட்டி நடக்கும். ஆர்.பி.சி. ஹெரிடேஜ் என்று பெயர். மாஸ்டர்ஸ் போட்டி முடிந்த மறுவாரம் அதை நடத்துவது வழக்கம். யார் வெல்வார், யார் தோற்பார் என்று விளையாட்டுப் பக்கங்கள் எழுதும். தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த மைதானம் ஒரு காலத்தில் தோட்டக் காணி. அந்தத் தீவின் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு நடந்ததை, காணி உரிமை கேட்டு நிற்கும் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். கோல்ப் என்பது சின்னப் பந்தைத் தடியால் அடித்துக் குழியில் விழுத்தும் விளையாட்டு. பதினெட்டுக் குழிகள். நான்கு நாள் ஆடி, மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். நுவரெலியா டவுனுக்குப் போய் வரும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாம் பார்க்கிற புல்வெளியும் இந்த ஆட்டத்துக்குத்தான். அந்தக் கழகத்தை 1889இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கினார்கள்.

இன்றைய கோல்ப் பலசாலிகளின் ஆட்டம். 300 யாருக்கு மேல் பந்தைப் பறக்கவிடுகிறவர்களே பெரும்பாலும் முன்னுக்கு நிற்கிறார்கள். ஆனால் ஹில்டன் ஹெட்டின் ஹாபர் டவுன் மைதானத்தில் அந்தப் பலம் மட்டும் போதாது. ஜாக் நிக்லஸின் ஆலோசனையோடு பீட் டை வடிவமைத்த இந்த மைதானம் 1969இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 7,200 யார்தான். பந்து போகும் பாதையோ ஒடுக்கமானது. இரு பக்கமும் பைன் மரங்கள், சடை சடையாகப் பாசி தொங்கும் பெரிய ஓக் மரங்கள். பந்து பாதைக்குள்ளேயே கிடந்தாலும், கிடக்கும் பக்கம் பிழைத்துப்போனால் ஒரு கிளை குறுக்கே நீண்டு வழியை மறித்துவிடும். குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரையும் மிகச் சிறியது. 13ஆம் குழியில் அந்தத் தரையைச் சுற்றி மணற்பள்ளம், அதற்குப் பலகை அடித்த கரை. பீட் டையின் மனைவி அலிஸ் டை சொன்ன யோசனை அது.

ஆகவே இங்கே தூரம் அடிக்கிறவரைவிடக் குறி பார்த்து அடிக்கிறவருக்கே வாய்ப்பு அதிகம். 2009இல் தூரம் அடிப்பதில் பேர் வாங்காத பிரையன் கே பத்து அடி வித்தியாசத்தில் வென்றார். ஜிம் ஃபியூரிக் 2010இலும் 2015இலும் வென்றார். டேவிஸ் லவ் ஐந்து முறை வென்றிருக்கிறார். உலகின் முதல்நிலை வீரராக இருந்த ஸ்கொட்டி ஷெஃப்லர் 2024இல் வென்றார். 2025இல் ஜஸ்டின் தோமஸ், சமநிலைக்குப் பின் மேலதிக ஆட்டம் ஆடி வென்றார். இம்முறையும் இரும்புத் தடியில் கை தவறாதவரைப் பாருங்கள். கடைசி நாளில் கடற்காற்று எழுந்தால் அந்தக் கணக்கும் பிழைக்கலாம்.

2025இல் மொத்தப் பரிசு 20 மில்லியன் டொலர். வென்றவருக்கு மட்டும் 3.6 மில்லியன் டொலர். திறமைக்குக் கிடைக்கும் கூலியைப் பார்த்து எமக்குப் பொறாமையில்லை. எமது கேள்வி அந்த மண்ணைப் பற்றியது.

மரங்களுக்குள் நெருங்கி நெருங்கி வரும் பாதை 18ஆம் குழியில் கடலோரமாக அகல விரிகிறது. எதிரே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சவீடு. தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டும். அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில், மாடி வீடுகளுக்கு நடுவே, பிராடொக் பொயின்ற் என்றொரு பழைய மயானம் இருக்கிறது. கமரா அந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம். அங்கே கிடப்பவர்கள் குல்லா என்று அழைக்கப்படும் கறுப்பின மக்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் முன்னோருக்குப் பூ வைக்கப் போவதென்றால், தனியார் குடியிருப்பின் காவல் வாயிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்தக் குல்லா மக்கள் யார்? மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, இந்தக் கரையோரத் தீவுகளின் பருத்தி, அவுரித் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் சந்தையில் விற்கப்பட்டவர்கள். நம் முன்னோர் கங்காணியின் பின்னால் துண்டுக் கடனில் கட்டுப்பட்டு வந்தவர்கள். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்தவன் பேரிலுள்ள மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சாவது என்றால் என்னவென்று இரு சாராருக்கும் தெரியும்.

1861 நவம்பரில் உள்நாட்டுப் போரின்போது வடபகுதிப் படை தீவைப் பிடித்தது. தோட்டத் துரைமார் ஓடிவிட்டார்கள். 1862இல் விடுதலை பெற்ற மக்கள் மிச்சல்வில் என்ற தமது சொந்த ஊரை உண்டாக்கினார்கள். தம் நிர்வாகிகளைத் தாமே தெரிவு செய்தார்கள். பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சிறுகச் சிறுகக் காசு சேர்த்துக் காணி வாங்கினார்கள். தீவுக்குப் பாலம் இல்லாத காலத்தில், பயிர் செய்தும் மீன் பிடித்தும் யாருக்கும் கைகட்டாமல் வாழ்ந்தார்கள்.

1956இல் பாலம் வந்தது. அந்தக் காலத்தில்தான் சார்ள்ஸ் ஃபிரேசர் என்பவர் சீ பைன்ஸ் என்ற விடுமுறைக் குடியிருப்பைத் தொடங்கினார். அவர் கைக்கு வந்த காணி முன்பு துரைமாரின் தோட்டம். பிறகு செல்வந்தரின் வேட்டைக்காடு. அதற்குப் பிறகு மரக் கம்பனியின் சொத்து. உழைத்தவன் பெயர் எந்தக் கைமாற்றத்திலும் இல்லை. குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயரில் ‘பிளாண்டேஷன்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். தோட்டம் என்றால் அடிமையின் பிள்ளைக்குச் சவுக்கு ஞாபகம் வரும். வாங்க வந்தவருக்கோ அது அழகான விளம்பரம்.

பாலம் வந்ததும் காணி விலை ஏறியது, வரியும் ஏறியது. குல்லா குடும்பங்கள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த காணிகளும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வரி கட்ட முடியாமல் ஏலத்தில் போனவை ஒரு பக்கம். மறுபக்கம் இன்னொரு பொறி இருந்தது. தாத்தா காணி வாங்கினார். மரண சாசனம் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் பங்காளிகள் ஆனார்கள். யார் பெயரிலும் தனி உறுதி இல்லை. தூரத்து ஊரிலிருந்த ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்குவான். வாங்கியதும் நீதிமன்றம் போய்ப் பிரித்துத் தரும்படி கேட்பான். பிரிக்க முடியாது என்றால் முழுக் காணியும் ஏலத்துக்குப் போகும். குடியிருந்தவர்கள் கையில் கொஞ்சக் காசோடு வெளியே வருவார்கள். பங்காளிகளே முதலில் வாங்குவதற்கு வாய்ப்பளிக்கும் சட்டத்தைத் தென் கரோலினா 2016இல்தான் நிறைவேற்றியது. பாலம் வந்து அறுபது வருடம் கழித்து.

“போட்டியால் வேலை கிடைக்கிறது, தர்ம காரியங்களுக்குப் பணம் போகிறது” என்பார்கள். உண்மைதான். போட்டியை நடத்தும் அமைப்பு புலமைப்பரிசில் கொடுக்கிறது, பொதுக் காரியங்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தீவின் ஹோட்டல்களில் படுக்கை விரிக்கிறவர்களில் பலர் அங்கே குடியிருக்க வசதியில்லாமல், தூர ஊர்களிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறார்கள். காணி போனவனுக்குத் தர்மம் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? ஹெரிடேஜ் என்றால் பரம்பரைச் சொத்து. யாருடைய பரம்பரை? யாருடைய சொத்து?

இனி நம் கதைக்கு வருவோம். நாம் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு வருடம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் போனது. மலையில் கொழுந்து பறித்தவளின் பெயர் இந்த மாற்றங்களில் எந்த உறுதியிலும் ஏறவில்லை. நம் பாட்டன் பூட்டன் எந்தத் தேயிலைத் தூரடியில் கிடக்கிறார் என்று கைநீட்டிக் காட்டக்கூட நம்மில் பலரால் முடியாது. இன்று துரை பங்களாக்கள் உல்லாச விடுதிகள் ஆகின்றன. தோட்ட வாழ்க்கையைப் பார்க்கக் காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்கள். சுற்றுலாவுக்கு நாம் எதிரிகள் இல்லை. ஆனால் விலை ஏறிய பிறகு உரிமை கேட்டால் கிடைக்காது என்பதைத்தான் ஹில்டன் ஹெட் காட்டுகிறது.

7 பேர்ச்சா, 10 பேர்ச்சா என்று பேசுகிறார்கள். அளவு முக்கியம்தான். அதைவிட முக்கியம், கையில் தரும் கடதாசி என்ன கடதாசி என்பது. மேடையில் படம் எடுத்துக் கொடுக்கும் சான்றிதழ் உறுதி ஆகாது. நில அளவையாளர் அளந்து எல்லை போட்ட வரைபடம் வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும். அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். வீட்டுக்குப் போகும் பாதை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோயில், விளையாட்டு மைதானம், மயானம் மூன்றும் தோட்டத்து மக்களின் பொதுச் சொத்தாக ஒதுக்கப்பட வேண்டும். நாளை யார் குத்தகைக்கு வந்தாலும், செத்தவருக்கு விளக்கேற்ற நாம் கேற்றில் நின்று அனுமதி கேட்கக் கூடாது.

குடும்பங்களும் ஒரு வேலை செய்ய வேண்டும். உறுதி கிடைத்தவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தமக்குப் பிறகு யாருக்கு என்று எழுதி வையுங்கள். நம் நாட்டிலும் பாகப்பிரிவினை வழக்கு உண்டு. அந்த வழக்கிலும் நீதிமன்றம் காணியை விற்கச் சொல்ல இடமுண்டு. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அண்ணன் தம்பிமாரிடம் இன்றைக்கே பேசுங்கள். எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்குமுன் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்கும்படி தலைவர்மாரையும் மாதர் சங்கத் தலைவிமாரையும் கேட்டுக்கொள்கிறோம். லயத்துக்கு லயம் போய், யாரிடம் என்ன கடதாசி இருக்கிறது, எவரிடம் ஒன்றுமே இல்லை என்று பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் பேச்சுவார்த்தைக்குப் போவோம்.

உழைத்த மண்ணுக்கு உறுதி வேண்டும். அதுவும் நம் பெயரில், நாம் உயிரோடு இருக்கும்போதே வேண்டும்.