கிதார்க்காரப் பையனும் 1933ஆம் வருஷத்துச் சட்டமும்

போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். கச்சேரிக்கு சவுண்ட் சர்வீஸ் என் அக்கா மகன். ஏழரை மணிக்குக் கூட்டம் சேர்ந்தது, கிதார் செத்துப்போனது. பையன் இடுப்பில் கட்டியிருந்த வயர்லெஸ் டப்பாவிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பேட்டரி என்றான் பாடகர். செல்போன் டவர் என்றான் கீபோர்டுக்காரன். மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே வந்து, பேசிய பணத்தில் பாதிதான் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே பாதிதான் தந்தார்.

மறுநாள் அந்த டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்த பழைய செட். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார்கள், அதனால் இதில் ஆச்சரியமில்லை. பின்பக்கத்தில் 740 மெகாஹெர்ட்ஸ் என்று எண் இருந்தது.

"ஏன்டா, இந்த அலைவரிசை இங்கே செல்லுமா?"

"என்ன மாமா, ஆன் பண்ணா வேலை செய்யுது. யார் வந்து பார்க்கப் போறாங்க?"

இந்தப் பதில்தான் எனக்குக் கோபம் தந்தது. ஆனால் கோபம் அவன் மேல் கொஞ்சம், அவனை அப்படிப் பேச வைத்தவர்கள் மேல் நிறைய.

நான் தபால் இலாகாவில் சேர்ந்த காலத்தில் ரேடியோ கேட்கவே லைசென்ஸ் வேண்டும். பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம், அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்துவோம். வருஷம் 15 ரூபாய். கவுண்டரில் எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன் தெரியுமா! 1980களின் நடுவில் அதை எடுத்தார்கள், எங்களுக்கும் நிம்மதி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பெட்டிக்கு லைசென்ஸ், எங்கே வாங்குவது, எவ்வளவு என்பது அன்றைக்குக் குப்பத்துக் கிழவிக்கும் தெரியும். இன்றைக்கு கேட்கும் கருவியை விடுங்கள், அலையை வெளியே அனுப்பும் கருவியையே கடையில் மிட்டாய் மாதிரி வாங்கலாம். விற்பவன் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சட்டமோ விளையாட்டுச் சட்டம் இல்லை. 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தாலே மூன்று வருஷம் வரை சிறை. அதன் இடத்தில் 2023ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதிலும் அடிப்படை அதேதான்: விலக்கு கொடுத்தால் ஒழிய அனுமதி வேண்டும். வயர்லெஸ் மைக்கும் கிதார் டப்பாவும் டிரான்ஸ்மிட்டர்தான், சின்னதாக இருக்கிறதே என்று சட்டம் இரக்கப்படாது.

விலக்கு இருக்கிறது. 2005லேயே 2.4 கிகாஹெர்ட்ஸையும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையையும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டார்கள். பின்னால் 868 வரை நீட்டினார்கள். இதில் வேடிக்கையைக் கேளுங்கள். ஐரோப்பாவில் வயர்லெஸ் மைக்குக்கு இலவசமாக விட்டது 863 முதல் 865 வரை. அவர்கள் முடிக்கும் இடத்தில் நாம் ஆரம்பிக்கிறோம்! அமெரிக்காவில் 902 முதல் 928 வரை இலவசம். இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்குப் பேசும் இடம். ஆக, பிரான்ஸ் மாமா கொண்டுவருவதும் தப்பு, அமெரிக்க மச்சான் கொண்டுவருவதும் தப்பு. மிச்சம் 2.4. அதில் வைஃபையும் புளூடூத்தும் முட்டி மோதுகின்றன. ஐந்நூறு பேர் செல்போனோடு உட்கார்ந்த மண்டபத்தில் அங்கே ஒருவன் கிதார் வாசிக்க வேண்டுமாம்.

இப்போது அந்த 740க்கு வருகிறேன். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2016லும் 2021லும் ஏலம் விட்டார்கள், சீந்துவார் இல்லை. 2022ல் ஒரே நிறுவனம் 39,270 கோடி ரூபாய்க்கு 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. விற்றது சரி, தவறு என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவும் 2020 ஜூன் முடிவதற்குள் இதே பட்டையை செல்போனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்த பிரான்ஸ் செட் நம் பையனுக்கு மலிவாகக் கிடைத்ததன் ரகசியமும் இதுதான்: அங்கே அது குப்பை. ஆனால் பிரிட்டனில் அந்தப் பட்டையைக் காலி செய்தபோது, பழைய மைக்கை ஒப்படைத்தவர்களுக்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை கொடுத்தார்கள். புதிதாக வாங்குபவர் வருஷம் 75 பவுண்டு கட்டினால் 38வது டிவி சேனலில் நாடு முழுக்க மைக் உபயோகிக்கலாம். இங்கே பணம் வேண்டாம், "இனி இந்த எண் செல்லாது" என்று உள்ளூர்ப் பத்திரிகையில் தமிழில் நாலு வரி போட்டார்களா? நான் தினமும் மூன்று பேப்பர் படிக்கிறவன், என் கண்ணில் படவில்லை.

சட்டமே வேண்டாம் என்பவன் இல்லை நான். கடலோரத்தில் இருந்துகொண்டு அப்படிப் பேச முடியாது. படகில் ஆபத்து என்றால் கூப்பிடுவது 16வது சேனலில், 156.8 மெகாஹெர்ட்ஸ். பார்க்கிங்கில் கார் ஒதுக்குகிறவன் கையில் இருக்கும் மலிவு வாக்கி டாக்கி தப்பித் தவறி அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு உயிர் போகலாம். அதனால்தான் சொல்கிறேன், பிடிக்க வேண்டியது விற்பவனை. 2025ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசையைச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நல்ல காரியம். அதே விதி ரிச்சி தெருக் கடைக்கும், புதுச்சேரி நேரு வீதிக் கடைக்கும், மைக் டப்பாவுக்கும் வரட்டும். பெட்டி மேல் தமிழில் எண், லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா, அவ்வளவுதான்.

இன்னொன்று. தூர்தர்ஷனின் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களைப் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். 470க்கு மேலே அவை இருந்த இடத்தில் ஒரு துண்டைக் கச்சேரிக்காரர்களுக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கும் பள்ளிவாசல், கோயில் மைக்குகளுக்கும் ஒதுக்கி, வருஷம் ஒரு சின்னக் கட்டணம் வைத்து, தபாலாபீஸில் கட்டச் சொன்னால் என்ன? எங்களுக்கு முத்திரை குத்தத் தெரியும்.

எல்லோரும் வந்துவிடுவார்களே, குழப்பமாகுமே என்பார்கள். மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1930ல் உப்புக்காக எத்தனை மண்டை உடைந்தது! 1931ல் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில், கடலோரக் கிராமத்தார் தங்கள் உபயோகத்துக்கும் தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுக்கலாம் என்று வெள்ளைக்காரனே விட்டுக்கொடுத்தான். உப்பு வரி அதனால் கவிழ்ந்துவிடவில்லை. ஒரு மண்டபத்தின் சுவரைத் தாண்டாத சில மில்லிவாட் மைக்கால் 39,270 கோடி கவிழ்ந்துவிடுமா?

அக்கா மகனிடம் அந்தச் செட்டைப் பரணில் போடச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டான். கிதார்க்காரப் பையனுக்கு இப்போது இருபது அடி வயர். போன ஞாயிறு அதில் தடுக்கி டிரம்ஸ் மேல் விழப் பார்த்தான்.